இரண்டு கதவும் நான்கு கதவும்: ஜாகுவார் ஈ-டைப், டொயோட்டா கேம்ரி - ஓர் ஒப்பீடு

மோட்டார் கார்களை வகைப்படுத்தும் சொற்களுள் பல, எஞ்சின் தோன்றுவதற்கு முன்பே சாலைகளில் வழங்கியவை. ‘கூபே’ என்பது வெட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது; நால்வர் எதிரெதிராக அமரும் பெட்டி வண்டியின் ஒரு பாதியை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் அமரும்படி அமைத்த குதிரை வண்டியை அச்சொல் முதலில் குறித்தது; பின்னர் இரண்டு கதவும் சரிந்த கூரையும் உடைய காருக்கு அதுவே பெயராயிற்று. ‘செடான்’ என்னும் பெயரோ, முன்னும் பின்னும் நின்று இருவர் தண்டு பிடித்துத் தூக்கிச் சென்ற மூடிய நாற்காலியோடு தொடர்புபடுத்தப்படுவது. தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொல் பல்லக்கு. நான்கு கதவும், இரு வரிசை இருக்கையும், பின்னால் தனியே பிரிந்த டிக்கியும் உடைய குடும்பக் காருக்குப் பல்லக்கின் பெயர் அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் இவ்வுரை முடியும்போது அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

இங்கு ஒப்பிடப்படுபவை 1961-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உருவான ஜாகுவார் ஈ-டைப் கூபேயும், 2018-ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுன் ஆலையிலிருந்து வெளிவந்த டொயோட்டா கேம்ரியின் ஆறு சிலிண்டர் வகையும் ஆகும். முதலாவதை ‘விண்டேஜ்’ கார் என்று பொதுவழக்கில் சொல்வதுண்டு. பிரிட்டனின் பழைய கார் ஆர்வலர்களோ 1930-ஆம் ஆண்டின் இறுதிக்குள் செய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே அச்சொல்லை வழங்குவர், அதற்குப் பிந்தியவற்றை அப்பெயரால் அழைப்பவரை எளிதில் மன்னிப்பதும் இல்லை. இவ்வுரை பொதுவழக்கையே பின்பற்றுகிறது.

1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் ஈ-டைப் அறிமுகமானபோது, அதனைச் செய்தியாளர் முன் நிறுத்தியவர் நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸ். காட்சிக்குரிய கூபேயை மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்த பாப் பெர்ரி சாலை வழியாகவே ஓட்டி வந்தார். ஓட்டிப் பார்க்க விரும்பியோர் கூட்டம் கட்டுக்கடங்காமற் போகவே, தலைமைச் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ் கூரை திறந்த மற்றொரு காரை ஒரே இரவில் கவென்ட்ரியிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதன் வடிவத்தை வரைந்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். அழகு கருதி வரையும் ஓவியராகத் தம்மைக் கருதாமல், கணித வாய்பாடுகளைக் கொண்டு வளைவுகளைக் கணக்கிட்டு வரைந்தவர். வரியுடன் சேர்த்துக் கூபேயின் விலை 2,196 பவுண்டு. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.4-இன் விலையில் இது ஏறத்தாழப் பாதி. மணிக்கு 150 மைல் ஓடும் காரை அவ்விலைக்குத் தருவதாகச் சொன்னதே அன்று பெரும் வியப்பை விளைவித்தது. உலகின் மிக அழகான கார் இதுவே என்று என்சோ ஃபெராரி கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை, எனினும் அதைச் சொல்லாத கட்டுரை அரிது.

கேம்ரியின் அறிமுகத்தில் இத்தகைய பரபரப்பு ஏதும் இல்லை. 2017 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் புதிய தலைமுறை காட்டப்பட்டது. மக்கள் பார்த்தனர், வாங்கினர். 2018-இல் அமெரிக்காவில் மட்டும் 3,40,000-க்கு மேற்பட்ட கேம்ரிகள் விற்றன. ஈ-டைப்போ, 1961 முதல் 1974 வரை, எல்லா வகைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 72,500 மட்டுமே செய்யப்பட்டது. அப்பெயர் பெற்ற கார்களின் முழு எண்ணிக்கையைக் கேம்ரி மூன்று மாதத்திற்குள் அமெரிக்காவில் விற்றுத் தீர்த்துவிடுகிறது.

இனி எண்களைக் காண்போர் முதலில் வியப்படைவர். ஈ-டைப்பின் எஞ்சின் கொள்ளளவு 3,781 கன சென்டிமீட்டர். நிறுவனம் அறிவித்த திறன் 265 குதிரைத்திறன். முறுக்குவிசை, அதாவது எஞ்சினின் தண்டு எவ்வளவு வலிமையுடன் திருகுகிறது என்பதற்கான அளவு, ஏறத்தாழ 353 நியூட்டன் மீட்டர். கேம்ரியின் எஞ்சின் 3,456 கன சென்டிமீட்டர். திறன் 301 குதிரைத்திறன். முறுக்குவிசை ஏறத்தாழ 362. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, ‘ஆட்டோகார்’ இதழின் 1961-ஆம் ஆண்டுச் சோதனையில் கூபே 6.9 வினாடி எடுத்துக்கொண்டது. கேம்ரியோ அமெரிக்க இதழ்களின் சோதனையில் ஆறு வினாடிக்கும் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. அதன் எடை சுமார் 1,600 கிலோ. கூபேயின் எடை 1,200-க்குச் சற்றே மேல். ஐந்து பேரையும் அவர்தம் பெட்டிகளையும் சுமக்க அமைந்த, நானூறு கிலோ எடை மிகுந்த கார், தன் காலத்தில் உலகையே வியக்க வைத்த பந்தயக் குருதியுடைய காரை முந்துகிறது.

இவ்வெண்களை இப்படியே ஏற்பது தவறு. தவறு கேம்ரிக்குச் சாதகமானது அன்று, ஈ-டைப்புக்கே சாதகமானது என்பதுதான் கவனிக்கத் தக்கது. அக்காலத்தில் குதிரைத்திறன் ‘மொத்த’ அளவாகக் கணக்கிடப்பட்டது. அதாவது, குளிர்விக்கும் விசிறி, மின்னாக்கி, காற்று வடிகட்டி, ஒலி அடக்கும் புகைபோக்கி முதலிய துணைக் கருவிகளின் சுமை நீங்கிய எஞ்சினைச் சோதனை மேடையில் ஓடவிட்டு அளப்பது வழக்கம். காரில் உள்ளபடியே எல்லாக் கருவிகளையும் பூட்டி அளக்கும் ‘நிகர’ முறைக்கு அமெரிக்க நிறுவனங்கள் மாறியது 1972 வாக்கில்தான். எனவே 265 என்பதும் 301 என்பதும் ஒரே படியால் அளந்த நெல் அல்ல. ஒன்று பதரோடு அளந்தது, மற்றது தூற்றி அளந்தது. அதே சோதனையில் எட்டிய மணிக்கு 150.4 மைல் என்னும் உச்ச வேகத்திற்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. செய்தியாளரிடம் தரப்பட்ட கார்கள் தனிக் கவனத்துடன் ஆயத்தம் செய்யப்பட்டவை என்றும், உச்ச வேக ஓட்டத்திற்குப் பந்தய டயர்கள் பூட்டப்பட்டன என்றும் பின்னாளில் எழுதியோர் ஒப்புக்கொள்கின்றனர். விலை கொடுத்து வாங்கியவர் கையில் அந்த வேகம் கிட்டியது அரிது. கேம்ரியின் உச்ச வேகத்தையோ அதன் கணினியே கட்டுப்படுத்திவிடுகிறது.

காற்றுத் தடையைப் பொறுத்தமட்டில் கண் இன்னும் பெரிதாக ஏமாறுகிறது. ஒரு வடிவம் காற்றைக் கிழித்துச் செல்வதில் எவ்வளவு எளிமை உடையது என்பதைக் காட்டும் எண் காற்றுத் தடைக் கெழு எனப்படும். எண் சிறியதாயின் தடை குறைவு. நீண்ட மூக்கும் மீன் போன்ற உடலும் உடைய ஈ-டைப்பின் கெழு 0.44 அளவில் உள்ளது. பக்கவாட்டில் பார்த்தால் பெட்டியை ஒத்த கேம்ரியின் கெழு 0.28 அளவில். கெழு மட்டும் தடையை முடிவு செய்வதில்லை, காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பளவையும் அதனோடு பெருக்க வேண்டும், கூபே 1.22 மீட்டர் உயரமும் 1.66 மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது, கேம்ரியோ 1.44 மீட்டருக்கு மேல் உயரமும் 1.84 மீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே பழைய காரின் முகப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிறியது. அவ்வாறு பெருக்கிய பின்னும் கேம்ரியே குறைந்த தடை உடையதாக நிற்கிறது. கண்ணுக்கு வழுக்கிச் செல்வதாகத் தோன்றும் வடிவம் வேறு, காற்று வழுக்கிச் செல்லும் வடிவம் வேறு. காரின் அடிப்பகுதியிலும், சக்கரக் குழியிலும், பின்புறம் காற்று பிரியும் விளிம்பிலும்தான் தடையின் பெரும்பகுதி பிறக்கிறது. பார்ப்பவர் கண் செல்லாத இடங்கள் அவை.

இதுவரை சொன்னவை காலத்தின் இயல்பான முன்னேற்றம் என்று ஒதுக்கத் தக்கவை. ஐம்பத்தேழு ஆண்டு பிந்திய பொறி முந்தியதை வெல்வதில் புதுமை இல்லை. ஆராயத் தக்கது, செடான் எவற்றைக் கொண்டு வென்றது என்பதே. ஈ-டைப்பின் சிறப்புகளாக 1961-இல் விளம்பரப்படுத்தப்பட்டவை நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் சுயேச்சைத் தாங்கமைப்பு, சிலிண்டர் தலைக்கு மேலே அமைந்து வால்வுகளை இயக்கும் இரட்டைக் கேம் தண்டு, தனிச் சட்டம் இன்றி உடலே பாரத்தைத் தாங்கும் ‘மோனோகாக்’ கூடு ஆகியவை. இவற்றுள் டிஸ்க் பிரேக் 1953-இல் ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வெல்லத் துணைசெய்தது. கூட்டின் அமைப்புமுறை 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டும் அப்பந்தயத்தை வென்ற டி-டைப்பிலிருந்து வந்தது. இன்று இந்நான்கும் கேம்ரியில் உள்ளன. விற்பவர் அவற்றைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. பந்தயக் களத்தில் முளைத்து, விளையாட்டுக் காரில் பூத்து, குடும்பக் காரில் அன்றாடச் சோறாகிவிட்ட பொருள்கள் அவை.

ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒரே திசையில் நடந்ததாக எண்ணிவிடலாகாது. ஈ-டைப்பின் புகழ்பெற்ற எக்ஸ்கே எஞ்சின், விளையாட்டுக் காருக்காகத் திட்டமிடப்பட்டதே அன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஆலையில் தீக்காவல் இருந்த இரவுகளில் வில்லியம் ஹெய்ன்சும் அவர் துணைவரும் வகுத்த அவ்வெஞ்சின், போருக்குப் பின் வரவிருந்த பெரிய செடான் ஒன்றுக்கென்றே உருவானது. அந்தச் செடானாகிய மார்க்-7 ஆயத்தமாகக் காலம் எடுத்ததால், 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் எஞ்சினைக் காட்ட எக்ஸ்கே 120 என்னும் விளையாட்டுக் கார் அவசரமாகச் செய்யப்பட்டது. மார்க்-7 வந்தது 1950-இல். கேம்ரியின் பிறப்பும் இதற்கு மறுதலையான வேடிக்கையை உடையது. 1980-இல் ஜப்பானில் அது முதன்முதலில் விற்கப்பட்டபோது அதன் பெயர் ‘செலிக்கா கேம்ரி’. செலிக்கா என்பது டொயோட்டாவின் விளையாட்டுக் கூபே. மகுடத்தைக் குறிக்கும் ‘கன்முரி’ என்னும் ஜப்பானியச் சொல்லிலிருந்து திரிந்த கேம்ரி என்ற பெயர் தனித்து நின்றது, 1982-இல் முன்சக்கர உந்துதலுடன் புதிய கார் வந்த பின்னரே. ஆக, கூபேயின் எஞ்சின் செடானுக்காகப் பிறந்தது. செடானோ கூபேயின் பெயரைத் தாங்கிப் பிறந்தது. இவ்விரு வகைகளுக்கும் இடையே உயர்ந்த மதிலை எழுப்பிக் காணும் ஆர்வலர் மரபு, வரலாற்றைச் சரிவரப் பார்ப்பதில்லை.

அங்ஙனமாயின் இரண்டுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு யாது என்று அவையோர் வினவக்கூடும். அறிவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அவ்வேறுபாடு.

ஈ-டைப்பில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் கருவி கார்புரேட்டர். எஸ்.யூ. நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் மூன்று அதில் வரிசையாகப் பூட்டப்பட்டிருந்தன. எஞ்சின் உறிஞ்சும் காற்று மிகுந்தால் கார்புரேட்டரின் உள்ளே ஒரு பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் தொங்கும் கூம்பிய ஊசியும் உடன் எழும். ஊசி எழ எழத் துளை விரிந்து பெட்ரோல் மிகும். பிஸ்டன் துள்ளாதிருக்க மேலே ஒரு சிறு குப்பியில் எண்ணெய் நிற்கும். மின்சாரமோ கணக்கீடோ இன்றி, காற்றழுத்தத்தையும் ஓர் ஊசியின் சரிவையும் மட்டும் கொண்டு கலவை முடிவாகும் இவ்வமைப்பு, எளிமையில் மிக உயர்ந்தது. ஆனால் மூன்றும் ஒத்துழைக்க வேண்டுமெனின், மெக்கானிக் ஒவ்வொன்றின் வாயிலும் குழாயை வைத்துக் காற்றின் சீற்றத்தைக் காதால் கேட்டு, திருகைச் சற்றே முடுக்கியும் தளர்த்தியும் சமன் செய்தாக வேண்டும். குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்பச் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பதும் கைப்பழக்கமே. கியரும் அப்படியே. நான்கு கியர்களுள் முதலாவதற்கு ‘சிங்க்ரோமெஷ்’ இல்லை; அதாவது, பற்சக்கரங்கள் கவ்வுவதற்கு முன் அவற்றின் சுழற்சியை ஒத்திசைக்கும் அமைப்பு அதில் இல்லை. ஆகையால் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க விரும்புவோர், கிளட்சை இருமுறை மிதித்து இடையில் எஞ்சினின் சுழற்சியை உயர்த்த வேண்டியிருந்தது. தவறினால் பல் அரையும் ஓசை தெருவெல்லாம் கேட்கும். 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சினுடன் எல்லாக் கியருக்கும் ஒத்திசைவுள்ள பெட்டி வந்தபோதுதான் இக்குறை தீர்ந்தது. அவ்வாண்டில் இருக்கைகளும் பிரேக் உதவியமைப்பும் திருத்தப்பட்டன. அதற்கு முன்பு அவற்றைக் குறை கூறாத சோதனையாளர் குறைவு.

கேம்ரியின் மிதிகட்டைக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. ஓட்டுநர் மிதிப்பது ஒரு வேண்டுகோள். அவ்வேண்டுகோளைப் பெற்ற கணினி, காற்றின் அளவு, வெப்பநிலை, புகையில் எஞ்சிய ஆக்சிஜன், சக்கரத்தின் வழுக்கல் ஆகியவற்றை ஒரு வினாடியில் பலமுறை பார்த்து, சிலிண்டருக்குள் நேரே பாய்ச்சும் தெளிப்பானா, காற்றுக் குழாயில் தெளிக்கும் தெளிப்பானா, இரண்டுமா என்று முடிவு செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தெளிப்பான் இரண்டு. நேரே பாயும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விப்பதால், கலவை உரிய நேரத்திற்கு முன் தானே வெடிக்கும் ‘நாக்கிங்’ என்னும் கேடு தள்ளிப்போகிறது; அதனால் கலவையை 11.8 மடங்கு வரை அழுத்த முடிகிறது. ஈ-டைப்பில் 9 மடங்கே வழக்கம். அதற்கும் ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோல் தேவைப்பட்டது. எட்டுக் கியர்களை மாற்றுவதும் கணினியே. சிறிய எஞ்சின் மிகுந்த திறன் தருவதும், பழைய கார் லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடிய இடத்தில் புதியது நகரச் சாலையும் நெடுஞ்சாலையும் சேர்த்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஓடுவதும் இதன் விளைவே. முன்பு ஓட்டுநரின் காலிலும் மெக்கானிக்கின் காதிலும் குடியிருந்த அறிவு, இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள் எழுதப்பட்டுக் கிடக்கிறது. கேம்ரியில் அமர்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலும் பெருமளவுக்குச் சுமந்து செல்லப்படுபவரே. பல்லக்கு என்னும் பெயர் பொருந்துவது இங்கேதான்.

பழுது பார்ப்பதிலும் இதே பிரிவு தொடர்கிறது. ஈ-டைப்பின் முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், எஞ்சினின் எப்பகுதியையும் நின்றபடியே தொட முடியும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை பல இடங்களில் கிரீஸ் ஏற்ற வேண்டும். அதே சமயம், சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையைக் குறைக்கும் பொருட்டுப் பின் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவே பின் அச்சின் பல்லிணைப் பெட்டியை ஒட்டி வைக்கப்பட்டன. டிஸ்க்கை மாற்ற வேண்டுமெனின் பின் தாங்கமைப்பு முழுவதையும் கீழே இறக்குவதே பெரும்பாலும் வழி. ஓட்டத்திற்கு நன்மை செய்த இத்தீர்வு, பழுது பார்ப்பவருக்கு இழைத்த கொடுமை என்றே கூறலாம். கேம்ரிக்கு 10,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். ஆனால் அதன் கணினி பழுதானால் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் காது கொடுத்துக் கேட்டுச் சரிசெய்ய இயலாது.

பாதுகாப்பு என்னும் தலைப்பில் ஒப்பீடு என்ற சொல்லே பொருந்தாது. மூன்று முனை இருக்கைப் பட்டையை வோல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் 1959-லேயே உருவாக்கியிருந்தும், 1961-ஆம் ஆண்டு ஈ-டைப் பட்டை எதுவும் இன்றியே விற்கப்பட்டது. கேம்ரியில் பத்துக் காற்றுப்பைகளும், மோதலில் திட்டமிட்டபடி நசுங்கி அதிர்வை விழுங்கும் முன்பகுதியும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பிரேக்கும், சறுக்கலைத் திருத்தும் அமைப்பும், முன்னே தடை கண்டால் தானே பிரேக் போடும் கருவியும் உள்ளன. இதற்குக் கொடுத்த விலை ஒன்றே: கண்ணாடியைத் தாங்கும் முன் தூண்கள் தடித்துவிட்டன. ஈ-டைப்பின் மெல்லிய தூண்களுக்கிடையே சாலை முழுவதும் தெரியும். கேம்ரியின் தூண் மறைவில் சில கோணங்களில் நடந்து செல்லும் ஆளே மறைவார். ஆயினும் அந்த விலை கொடுக்கத் தக்கதே என்பதில் ஐயமில்லை; பழைய காரின் மெல்லிய தூண்களைப் புகழ்வோர், அது கவிழும்போது அத்தூண்கள் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சட்டங்களே ஈ-டைப்பின் வடிவத்தைச் சிதைத்தன என்று ஆர்வலர் வருந்துவதுண்டு. முகப்பு விளக்குகளின் கண்ணாடி மூடிகள் நீங்கியதும், 1968 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் புகை விதிகளின் பொருட்டு மூன்று கார்புரேட்டர் இரண்டாகக் குறைந்ததும் உண்மையே. ஆனால் எரியாத பெட்ரோலைக் காற்றில் விட்டுச் செல்வது எந்த அழகின் பகுதியும் அன்று.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் ஈ-டைப் ஒன்றைத் தன் நிலையான தொகுப்பில் சேர்த்தது. அது கூபே அன்று, கூரை திறந்த வகை. கேம்ரிக்கு அத்தகைய இடம் கிடைக்கும் வாய்ப்பு இல்லை, கிடைக்க வேண்டியதும் இல்லை. அன்றாடம் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் செல்லும் தேவைக்கு, வேகம், சிக்கனம், காப்பு, உழைப்பு ஆகிய எல்லாவற்றிலும் கேம்ரியே மேல். கற்றுக்கொண்டால் மட்டுமே பணியும் பொறியோடு பழக விரும்புவோருக்கு மட்டும் ஈ-டைப் மேல். இத்தீர்ப்பில் சமரசத்திற்கு இடம் தேடுவது வீண்.

ஈ-டைப்பின் தாய் நிறுவனமாகிய ஜாகுவார், ஃபோர்டின் கையிலிருந்து 2008-இல் டாடா மோட்டார்ஸின் உடைமையாயிற்று. கேம்ரியோ அமெரிக்காவில் 2025-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து நான்கு சிலிண்டர் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த கலப்பின வகையாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் கைவிடப்பட்டது. இங்கு ஒப்பிடப்பட்ட இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புவோர், இனி இரண்டையுமே பழைய கார்ச் சந்தையில்தான் தேட வேண்டும்.